உழைத்த உடம்புக்கும் நடை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், நடுவயதில் உடம்பையும் மனதையும் நலமாக வைத்துக்கொள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள், பிடித்த பொழுதுபோக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காத வேலையில் கிடந்து உழலாமல் வேறு வேலைக்கு மாறப் பாருங்கள் என்று அதில் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். மூன்றும் சரி. மூன்றையும் நான் செய்திருக்கிறேன், மூன்றாலும் நன்றாக இருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரை ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. திண்ணையில் சம்மணம் போட்டுப் பீடி சுற்றும் பெண்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கடிதம்.

நான் முக்கூடலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிராமத்துக்காரி. வயது 44. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மடியில் பீடித் தட்டு ஏறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலும் சுற்றினேன், பிறகும் சுற்றினேன். பெண் பார்க்க வரும்போதே, "பொண்ணு ஒரு நாளைக்கு எத்தனை சுத்தும்?" என்று கேட்கிற ஊர்கள் எங்களுடையவை. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தத் தொழிலில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, நகை சேர்த்து, வீடு கட்டிய பெண்களைப் பார்க்கலாம். அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலையைக் கடையில் எடைபோட்டுத் தருவார்கள். புகையிலைத் தூளும் நூலும் அதோடு வரும். இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, பதமானதும் தகடு வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். அப்புறம்தான் சுற்றல். தூளைப் பரப்பி, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்க வேண்டும். கை பழகியவளுக்கு ஒரு பீடிக்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் ஆயிரம் சேர வேண்டுமென்றால் பகல் முழுக்கப் போய்விடும். அத்தனை நேரமும் கழுத்து குனிந்தே இருக்கும், தோள் முன்னால் வளைந்தே இருக்கும். மடியில் தட்டு இருப்பதால் எழுந்திருக்க மனசு வராது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே என்று தண்ணீரைக் குறைக்கிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தூள் மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் விரல் தோல் வழியாகவும் ஏறும்.

2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில், உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஒரு கணக்கு வந்தது. 2022 நிலவரப்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதுமான உடலசைவு இல்லை. ஆண்களில் நூற்றுக்கு 42 பேர் என்றால், பெண்களில் 57 பேர். இதை எங்கள் தெருப் பெண்களிடம் சொன்னபோது கோபப்பட்டார்கள். "விடியுமுன்ன எந்திரிச்சு, தண்ணி பிடிச்சு, சோறு பொங்கி, ராத்திரி வரைக்கும் இலையோட கிடக்கோம். எங்களைப் போயி அசையலேன்னு சொல்லுதாகளாக்கும்?" என்று ஒரு மதினி கேட்டார்.

அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கணக்கும் உண்மையானது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்பதை எங்கள் பெண்களுக்கு யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். பீடி சுற்றும்போது ஓடுவது விரல்கள் மட்டும்தான். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பின்பக்கத்திலும் இருக்கின்றன. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் எடுத்துச் செலவழிப்பவை தசைகள்தான். அதிலும் பெரிய தசைகள் பகல் முழுக்க மடங்கிக் கிடந்தால் அந்தச் செலவு குறைந்துபோகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவது, காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏற உதவுகிறது. உட்கார்ந்தே இருந்தால் சாயங்காலம் பாதம் வீங்குவது அதனால்தான். உடம்பு அலுத்துப்போகிற அளவுக்கு வேலை செய்துவிட்டு, உடம்பை அசைக்காமலே படுக்கப் போகிறோம். உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. "நீ செய்யாத வேலையா, உனக்கு எதுக்கு நடையும் கிடையும்?" என்ற பேச்சு இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வருவதற்கு அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த சமயம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுத்தார். மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பியவர், திண்ணையில் நான் தட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "அக்கா, கழுத்தைத் திருப்பிப் பாருங்க" என்றார். இடதுபக்கம் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அன்றைக்கு அவர் சொல்லித்தந்தவை சேலை கட்டிக்கொண்டே செய்யக்கூடியவை. சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் சுவரோடு சேர்த்து மேலே கொண்டுபோவது. தாடையை உள்ளே இழுத்து நிறுத்துவது. தோளைப் பின்னால் சுழற்றுவது. கையை ஊன்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது. தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. அரைமணிக்கு ஒரு தடவை தட்டை இறக்கிவைத்துவிட்டு எழுந்து வாசல்வரை போய் வரச் சொன்னார். அதனால் நூறு பீடி குறையாதா என்று கேட்டேன். கொஞ்சம் குறையும், ஆனால் சாயங்காலம் வலியில் படுக்கிற நேரம் மிச்சமாகும் என்றார். அப்படித்தான் ஆனது.

கழுத்து லேசானதும் எனக்கு ஆறு ஞாபகம் வந்தது. ஆற்றங்கரையில் பிறந்த எங்களுக்கு நீச்சல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையன்களுக்குச் சமமாக அக்கரைக்குப் போய்வந்த பெண்கள்தான் நாங்கள் எல்லோரும். சடங்கானதோடு அது நின்றுவிடும். அதற்கப்புறம் ஆறு என்றால் துணி துவைக்க, குளிக்க, முத்துமாலையம்மன் கோவில் கொடைவிழாவுக்குத் தீர்த்தம் எடுக்க, அவ்வளவுதான். நீந்தத் தெரிந்த உடம்பைப் பாதி வாழ்நாள் கரையிலேயே நிறுத்திவைத்திருக்கிறோம். இது எனக்குப் பெரிய வருத்தம். என் மகளுக்கு அப்படி ஆகவிடவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கொத்தனார். நான் ஆற்றில் நீந்தப் போகிறேன் என்றதும் தடுக்கவில்லை. தனியாக மட்டும் போகாதே என்றார். அது சரியான பேச்சு. தாமிரபரணி தெரிந்த ஆறுதான் என்றாலும் கசம் என்கிற ஆழப் பள்ளமும் சுழியும் உள்ள ஆறு. பாபநாசம் அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் இங்கே ஓட்டம் மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கிட்டேயே போகக் கூடாது. 2023 டிசம்பரில் ஆறு எப்படி ஊருக்குள் வந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. அதனால் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, இடுப்பளவு தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து, சுடிதார் போட்டுக்கொண்டு, விடிந்ததும் இறங்குவோம். மழைக்காலத்தில் ஆற்றை விட்டுவிட்டுக் கால்வாய்க் கரையில் வேகநடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம் வீதம் என்று வைத்துக்கொண்டால் எட்டாத கணக்கில்லை.

முதலில் கைதான் ஓய்ந்தது. இரண்டு வீச்சுக்கு மேல் போக முடியவில்லை. உடம்பு மறக்கவில்லை, தசைக்குத்தான் பலமில்லை. அது திரும்பி வர நாள் பிடித்தது. ஆனால் முதல் வாரத்திலேயே எனக்கு நல்ல தூக்கம் வந்தது. படுத்தால் விடிகிறவரை தூக்கம். அதற்கு முன்னால் ராத்திரியில் விழித்துக்கொண்டு, மறுநாள் இலை நன்றாக இருக்குமா, கடையில் எத்தனை பீடியைக் கழிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. மல்லாந்து மிதக்கும்போது காது தண்ணீருக்குள் போய்விடும், யார் கூப்பிட்டாலும் கேட்காது. வீட்டில் அப்படி ஒரு நிமிடம் எங்களுக்குக் கிடைக்காது. யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் சுற்றாமல், கூலி இல்லாமல் எனக்கென்று செலவழித்த முதல் நேரம் அதுதான். அந்த அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் மற்றதைப் பற்றியெல்லாம் யோசிக்கவே முடிந்தது.

ஊரில் பேசினார்கள். பேசாமல் இருப்பார்களா? "பேரன் எடுக்கிற வயசுல முங்குநீச்சல் கேக்குதோ?" என்றார் ஒரு பெரியவர். அவரிடம் அண்ணாச்சி, உங்க வீட்டு மைனிக்கு முழங்கால் வலிக்குதுல்லா, அவங்களையும் அனுப்புங்க என்றேன். அவர் அனுப்பவில்லை, மைனி தானாகவே வந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாலே மூட்டில் பாரம் குறையும். நீந்தத் தெரியாதவர்களும் கரையோரம் அதைச் செய்யலாம்.

பொழுதுபோக்கு என்று கட்டுரையில் தோட்டம், ஓவியம், வெளிநாட்டு மொழி கற்றல் என்றெல்லாம் இருந்தது. எனக்கு வாய்த்தது கும்மி. அம்மன் கொடைக்கு முளைப்பாரி போட்டால், அது வளருகிற நாள்களில் ராத்திரிதோறும் பெண்கள் சுற்றிநின்று கும்மியடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது பல ஊர்களில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டு நாலு சுற்று சுற்றுவதோடு சரி. எங்கள் ஊரில் ஒரு ஆச்சி இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மழைப் பாட்டு, அம்மன் பிறப்புப் பாட்டு, நாற்று நடவுப் பாட்டு என்று மடமடவென்று வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில் முன்னால் அவரை உட்காரவைத்து, அவர் எடுத்துக்கொடுக்க நாங்கள் அடிக்கக் கற்றுக்கொண்டோம். நான் நோட்டில் எழுதுகிறேன், என் மகள் போனில் பதிவு செய்கிறாள். கும்மியை வெறும் கைதட்டல் என்று நினைக்கக் கூடாது. குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, பாதம் மாற்றிச் சுற்றிவர வேண்டும். பாட்டும் நம் வாயிலிருந்தே வர வேண்டும். அரைமணி அடித்தால் முதுகு நனைந்துவிடும்.

உடம்புக்கு அது எவ்வளவு நல்லதோ, அதைவிட மனசுக்கு நல்லது. ஒரே தெருவில் உட்கார்ந்து சுற்றினாலும் பீடிப் பெண்கள் தலைநிமிர்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது குறைவு, கண் தட்டிலேயே இருக்கும். வட்டமாக நின்றால் எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துத்தான் தாளம் பிடிக்க முடியும். யார் இளைத்திருக்கிறாள், யார் அழுதிருக்கிறாள், யாருக்கு வீட்டில் சரியில்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி இருந்ததை அவள் முதலில் எங்களிடம்தான் சொன்னாள். உடனே கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இன்றைக்குக் கும்மிக்கு வருகிறாள்.

வேலை மாறியது கடைசியில்தான். அந்த வரிசையைக் கவனிக்கும்படி உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு நொந்து, தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இருக்கிற பெண்ணிடம் போய் "வேறு வேலை பார்" என்றால் அவளுக்கு அது இன்னொரு சுமை. எனக்குத் தெம்பு வந்த பிறகு, மகளிர் சுய உதவிக் குழுவில், மக்களைத் தேடி மருத்துவத்துக்குப் பெண் தன்னார்வலர் எடுக்கிறார்கள் என்று சொன்னபோது, துணிந்து பெயர் கொடுத்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரை கொடுத்து, கூடுதலாக இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. பகல் முழுக்க நடை. கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் என்று சொல்ல முடியாது. பீடியில் வந்ததற்குப் பக்கத்தில்தான் வரும், அந்தத் தொகை உயர வேண்டும். ஆனாலும் நான் திரும்பப் போக மாட்டேன். இரத்த அழுத்தம் 140-க்கு மேல் காட்டுகிறது என்று தெரியாமலே தட்டோடு உட்கார்ந்திருந்த எத்தனையோ பெண்களை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். நான் முன்பு சுற்றிக் கொடுத்தது யாருடைய நுரையீரலுக்குப் போனதோ தெரியாது. இப்போது நான் கொண்டுபோவது மாத்திரை.

வேலை மாறுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பீடிக் கார்டு என்கிற தொழிலாளர் அடையாள அட்டையை நம்பித்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வருகிறது. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிப் பணம் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் பென்ஷன் கணக்கில் கட்டியிருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. இது தெரியாமல் எல்லாப் பணத்தையும் எடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். பி.எஃப். கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிறந்த தேதி வேறு என்று மாட்டிக்கொண்டு அலைகிறவர்கள் அதைவிட அதிகம். கணவன் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறியிருக்கும், முதலெழுத்து விட்டுப்போயிருக்கும். வேலையை விட நினைக்கும் தங்கைமாரிடம் நான் முதலில் சொல்வது, கணக்கில் இருக்கிறபோதே இதைத் திருத்திக்கொள்ளுங்கள் என்பதுதான். பழைய கடையில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால், விட்டு வந்த பிறகு அலைச்சல் இரண்டு மடங்கு.

பயிற்சி வகுப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. தையல், பேக்கரி, கணினி என்று திருநெல்வேலியிலும் அம்பாசமுத்திரத்திலும் நடக்கின்றன. காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் எங்கள் பெண்கள் எப்படிப் போவார்கள்? அன்றைய ஆயிரம் பீடி போய்விடுமே. கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு போக்குவரத்துச் செலவு இல்லை, அது பெரிய உதவி. ஆனால் இழக்கிற கூலியை யார் தருவார்கள்? பயிற்சி நாள்களுக்குக் கூலி அளவுக்கு உதவித்தொகை கொடுத்து, ஊருக்குப் பக்கத்திலேயே மதியத்துக்கு மேல் நடத்தினால் நிச்சயம் வருவார்கள்.

மாவட்ட நிர்வாகத்திடமும் உள்ளாட்சிகளிடமும் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க 38 மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் நல்ல திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அது மாவட்டத்துக்கு ஒன்று. ஆற்றோரக் கிராமத்துப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய பாதை வேண்டாம். படித்துறைப் பக்கம் ஒரு உடைமாற்றும் அறை, எரிகிற ஒரு விளக்கு, உடைந்த பாட்டில்களை அள்ளுகிற ஒரு ஆள், இது போதும். ஆற்றில் சேரும் சாக்கடையையும் தண்ணீரில் படரும் அமலைச் செடியையும் பற்றி உங்கள் பத்திரிகை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் கெட்டால் எங்கள் உடற்பயிற்சிக் கூடமும் கெடும் என்பதையும் அந்தச் செய்திகளோடு சேர்த்துப் போடுங்கள். அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்தரை முதல் ஏழு வரை பெண்கள் நடக்கத் திறந்துவிடலாம். பீடி ஒப்படைக்கும் நாளில், கடை வாசலில் பெண்கள் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அனுப்பி அங்கேயே கழுத்துப் பயிற்சி சொல்லித்தரலாம். அவ்வளவு பெண்கள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பது வேறு எப்போதும் நடக்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் உடற்பயிற்சி பற்றி எழுதும்போதெல்லாம், கண்ணாடிச் சுவர் போட்ட கூடத்தில் இயந்திரத்தில் ஓடுகிற ஒரு இளம்பெண்ணின் படத்தைப் போடுகிறீர்கள். அதைப் பார்த்ததும் எங்கள் பெண்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு வாரம், சேலை கட்டிய பெண் திண்ணையிலும் சுவரிலும் தூணிலும் செய்யக்கூடிய பயிற்சிகளை, ஒரு பிசியோதெரபிஸ்டைக் கேட்டு, பெரிய எழுத்தில் படத்தோடு முழுப்பக்கம் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, நான் போகிற தெருக்களில் இலை கொடுக்கும் கடைகளின் சுவரில் ஒட்டுவதற்குக் கடைக்காரர்களிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.